பக்கத்து இருக்கை

ஜூன் 7, சனி

இது மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் என் கடைக்குக் கொடுக்கும் டைரி. எந்த விற்பனைப் பிரதிநிதி வந்தார், குற்றாலத்தில் சாரல் விழுந்ததா என்பதைத் தவிர இதில் நான் பெரிதாக எதையும் எழுதுவதில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

மாலையில் கடையநல்லூருக்கு அந்தப் பக்கம் எங்கள் கார் ஒரு பாலத்துச் சுவரில் மோதிவிட்டது. என் இடது முன்கையில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். காந்திமதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கும் அடியில்லை. கடவுள் புண்ணியம்.

ஓட்டியது காந்திமதி. அவளுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் மேலச்செங்கரையில், மலையடிவாரத்தில். பஸ்ஸை நம்பிப் போக முடியாத ஊர். அதற்காகவே ஐம்பது வயதில் கார் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினாள். ஊரைத் தாண்டி ஓட்டியது இன்றுதான் முதல் தடவை. பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

நான் இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவன். ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து தேவையானதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கியரை மாற்று, ஹாரன் அடி, அந்த ஆட்டைப் பார், பஸ்ஸுக்கு வழி விடு. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும்?

எதிரே வைக்கோல் ஏற்றிய லாரி வந்தது. சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. "இடது, இடது" என்றேன். அவள் "எடம் இருக்கு" என்றாள். வாதம் பண்ண நேரமில்லை. ஸ்டியரிங்கில் ஒரு கை கொடுத்து உதவினேன். அதற்குள் அவள் பதறிவிட்டாள் போலிருக்கிறது. வண்டி சாலையைவிட்டு இறங்கி, நான் உட்கார்ந்திருந்த பக்கமாகப் போய்ச் சுவரில் இடித்தது.

லாரிக்காரர் நிறுத்திவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார். நல்ல மனுஷன். ஆனால் என்னைத் தூக்கிவிட்டுக்கொண்டே, "எதுக்கு அண்ணாச்சி கீழ எறக்குனீய? எடம் கெடந்துச்சே!" என்றார். லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியிலும் திரும்பி வந்த ஆட்டோவிலும் காந்திமதி பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், பயந்திருப்பாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஒற்றைக் கையால் கைலி கட்ட முடியாது. காந்திமதிதான் கட்டிவிட்டாள்.

ஜூன் 9, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து மகள் செண்பகா வீடியோவில் கூப்பிட்டாள். நடந்ததை ஒழுங்காக, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். லாரி வந்த இடத்துக்கு வந்ததும் குறுக்கிட்டாள்.

"அப்பா, நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சீங்களா?"

"புடிக்கலம்மா. சும்மா ஒரு உதவிக்கு…"

"போன அம்மாட்ட குடுங்க."

காந்திமதி போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. சமையல் விஷயமாக இருக்கும்.

கடையைப் பிச்சையா பார்த்துக்கொள்கிறான். என்னிடம் பத்து வருஷமாக இருக்கிறான், கவலையில்லை. ஆனாலும் மத்தியானம் ஆட்டோவில் போய் உட்கார்ந்தேன். மாத்திரை வாங்க வந்த எல்லோரும் கையைப் பார்த்துவிட்டு எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "வீட்ல புதுசா ஓட்டிப் பழகுதாங்க" என்றேன். "அப்ப சரி" என்பது போல எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஜூன் 12, வியாழன்

இன்ஷூரன்ஸிலிருந்து ஒருவர் வந்தார். இளைஞர்தான், மரியாதையாகப் பேசினார். வொர்க்ஷாப்பில் வண்டியைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். காபி குடித்தபடி கேட்டார்.

"எப்படிங்க மேடம் நடந்துச்சு?"

நான்தான் வாயைத் திறந்தேன். "அது என்னன்னா தம்பி, எதுத்தாப்ல ஒரு லாரி…"

காந்திமதி என்னைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்து, "வண்டி என் கையில இருந்துச்சு. நான்தான் ஓட்டுனேன். ரோட்ட விட்டு எறங்கிட்டு. அவ்வளவுதான்" என்றாள்.

"லாரி ஓரமா நெருக்கிச்சா மேடம்?"

"இல்ல. லாரி மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார் ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார். காந்திமதியும் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டதால் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. "இல்லப்பா" என்றேன்.

அவர் போனதும் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எடுத்துக்கொண்டு போன விதத்தில் ஒரு தம்ளர் கீழே விழுந்தது. எவர்சில்வர்தான், ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 14, சனி

காந்திமதி ஜூலை ஏழாம் தேதி மேலச்செங்கரையில் பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அவள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாகவே பேச்சை எடுத்தேன்.

"இப்ப இருக்கிற ஸ்கூலு நடந்து போற தூரம். இன்னும் பத்து வருஷ சர்வீஸ் நிம்மதியாப் போயிரும். எதுக்கு இந்த வயசுல ரோட்ல கெடந்து அல்லாடணும்?"

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்று கடிதத்தை நானே எழுதி வைத்தேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் கையெழுத்துப் போட்டால் போதும். சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறேன்.

தினமும் நாலரைக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் காபி போட்டு, பிச்சையாவிடம் பிளாஸ்கில் கொடுத்தனுப்புவாள். மேலச்செங்கரை போனால் அவள் வீடு வர ஆறு மணியாகும். இதெல்லாம் ஒரு காரணமே இல்லை. சும்மா குறித்து வைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

கடிதம் மேஜையிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'குடும்ப சூழ்நிலை காரணமாக பதவி உயர்வை' என்று எழுதியிருந்தேன். 'குடும்ப'வுக்குப் பக்கத்தில் ஒரு 'ச்', 'காரணமாக'வுக்குப் பக்கத்தில் ஒரு 'ப்', இரண்டும் சிவப்பு மையில். கீழே கையெழுத்து இல்லை.

தமிழாசிரியையைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் சகஜம்.

ஜூன் 20, வெள்ளி

கார் வந்துவிட்டது. முன்பக்கமும் இடது கதவும் புதிதாகப் பளபளக்கின்றன. போர்ட்டிக்கோவில் நிறுத்தி உறை போட்டுவிட்டுப் போனார்கள். காந்திமதி வெளியே வந்தே பார்க்கவில்லை. பயம் தெளிய நாளாகும்.

எனக்கும் கட்டு பிரிக்கும்வரை ஓட்ட முடியாது. கியர் போட இடது கை வேண்டுமே.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இனிமே மேடம் கையில சாவியக் குடுக்க மாட்டீயளே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்குக் கேட்டிருக்காது. கொஞ்ச நேரத்தில் மிக்ஸி நின்றது.

ஜூன் 24, செவ்வாய்

வண்டி சும்மா நிற்கக் கூடாது என்று காலையில் உறையை விலக்கி, ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் தள்ளியிருந்தது. வொர்க்ஷாப்பில் யாரோ குள்ளமான ஆள் ஓட்டியிருக்கிறான். பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.

இப்போதெல்லாம் காபி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது. பிளாஸ்கைக் கொடுத்துவிட்டு, "அக்கா ஒடனே கெளம்பச் சொல்லிட்டாங்க" என்கிறான் பிச்சையா. நல்ல மாற்றம்தான்.

ஜூன் 25, புதன்

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். போர்ட்டிக்கோவில் காரைக் காணோம். உறை மட்டும் மடித்துப் படியில் வைத்திருந்தது.

வீடு பூட்டியிருக்கிறது. காந்திமதி போனை எடுக்கவில்லை. தெருமுனைவரை ஓடினேன். உறையை இவ்வளவு நேர்த்தியாக மடித்து வைத்துவிட்டுப் போகிற திருடன் யாராக இருக்கும் என்று அந்தப் பதற்றத்திலும் ஒரு யோசனை வந்தது. போலீசுக்குப் போன் பண்ணலாம் என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது கார் திரும்பி வந்தது.

காந்திமதி ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஜெசிந்தா டீச்சர் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வண்டி நிற்கவில்லை. நேராகக் கேட்டுக்குள் போய், அலுங்காமல் நின்றது.

"எத்தன நாளா நடக்குது?" என்று கேட்டேன்.

"கார் வந்த மறுநாள்லேர்ந்து" என்றாள் காந்திமதி.

"கடல சாப்பிடுதீயளா அண்ணாச்சி?" என்று பொட்டலத்தை நீட்டினாள் ஜெசிந்தா. காந்திமதியோடு ஒரே பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். நான் வேண்டாம் என்றேன். அவள் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டாள்.

உள்ளே வந்ததும் கேட்டேன். "ஜெசிந்தாவுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"சைக்கிளாவது?"

"அதுவும் தெரியாது."

"பெறகு அவள எதுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போற? ஒரு ஆபத்துன்னா என்ன செய்வா?"

"ஒண்ணும் செய்ய மாட்டா" என்றாள். "அதுக்குத்தான்."

ஜூன் 26, வியாழன்

கைலி கட்டிவிட்டாள். இட்லி வைத்தாள். பேச்சு இல்லை.

ஜூன் 28, சனி

எலும்பு டாக்டர் திருநெல்வேலியில் இருக்கிறார். இன்று எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டிய நாள். காலையில் சட்டை போட்டுக்கொண்டு, கார் ஓட்டத்தான் ஆள் இருக்கிறதே என்று போர்ட்டிக்கோவில் போய் நின்றேன். தெருவில் ஆட்டோ வந்து நின்றது.

"பஸ்ஸ்டாண்டுக்குச் சொல்லியிருக்கேன். அங்கேர்ந்து பஸ்ல போயிரலாம். நானும் வாரேன்" என்றாள் காந்திமதி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரு ஒலகத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுச் சுத்துத. கை ஒடஞ்சவன் நான் பஸ்ல போகணுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல நிதானமாகத்தான் சொன்னாள்.

"உங்கள வச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாது."

"ஏன்?"

"உங்க கை வரும்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். போய் ஏறிக்கொண்டோம்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. என் கட்டுப் போட்ட கையில் யாரும் இடித்துவிடாதபடி அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, கூட்டத்தைத் தோளால் தாங்கிக்கொண்டே வந்தாள். ஆலங்குளம் வரைக்கும் நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை கட்டுக்குள் இருந்தது. அவள் சொன்னது மற்றக் கையை.

எலும்பு நன்றாகக் கூடி வருகிறதாம்.

ஜூன் 29, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் கடையநல்லூர் தாண்டி அந்தப் பாலத்தில் இறங்கினேன். இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் காந்திமதியிடம் தெளிவாகப் பேசலாம் என்று நினைத்தேன். லாரி எவ்வளவு நெருக்கமாக வந்தது, வேறு வழியே இருக்கவில்லை என்பதையெல்லாம்.

பாலத்துச் சுவரில் ஒரு மூலை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. டயர்த் தடம் மழையில் அழிந்துவிட்டது. பக்கத்து வாகை மரத்தடியில் நின்றேன். மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. சாரல் காற்று.

இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தன. வேகத்தைக் குறைக்காமல் ஒன்றையொன்று கடந்து போயின. பிறகு நெல் மூட்டை லாரியும் ஒரு வேனும். பிறகு, நான் காத்திருந்த மாதிரியே, பக்கவாட்டில் பிதுங்கித் தொங்கும் வைக்கோல் பாரத்தோடு ஒரு லாரி வந்தது. எதிரே எங்கள் காரைப் போலவே ஒரு கார். உள்ளே ஒரு குடும்பம், பின்னால் பிள்ளைகள் ஜன்னலில் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் வலது கை தானாக எழுந்தது. கார் போய்விட்டது. அதற்கும் லாரிக்கும் நடுவே ஒரு சைக்கிள்கூடப் போயிருக்கலாம்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வண்டிகள் போவதும் வருவதுமாகத்தான் இருந்தன.

சாலை நான் நினைத்ததைவிட அகலம்.

ஜூன் 30, திங்கள்

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இன்று சாயங்காலம் சீக்கிரமே கடையைப் பிச்சையாவிடம் விட்டுவிட்டு வந்தேன். காந்திமதி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஒற்றைக் கையால் ஒரு கொத்தை எடுத்து உருவினேன்.

"நேத்து அந்தப் பாலத்துக்குப் போயிருந்தேன்" என்றேன்.

கீரையை உருவிக்கொண்டேயிருந்தாள்.

"எடம் இருந்துச்சு."

அவள் கை நின்றது. "எவ்வளவு?"

"நெறைய."

அவள் மறுபடி கீரையை உருவத் தொடங்கினாள். நானே தொடர வேண்டியிருந்தது. "நீ சரியாத்தான் போன. நான்தான் இழுத்தேன். இன்ஷூரன்ஸ்காரர் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். எதுத்த வீட்டுக்காரர் சிரிச்சப்பவும் சொல்லியிருக்கணும்."

"ரெண்டு நாளும் எதிர்பாத்தேன்" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க கத்துனதுகூடப் பரவால்ல. அது இருபத்தேழு வருசமாக் கேக்குத சத்தம். ஆனா கைய நீட்டி இழுத்தீய பாத்தீயளா, அப்ப எனக்கு என்னமோ ஆயிட்டு. ஒருவேள நமக்கு நெசமாவே தெரியலயோன்னு ஆயிட்டு. திங்கக்கெழம ஸ்கூல்ல போர்டுல எழுதும்போது கை ஆடுது. எழுத்து கோணுது. பிள்ளைக பாக்குதுக. எந்த வேலையிலயும் எனக்கு அப்படி ஆனதில்ல."

"எங்கிட்ட சொல்லலியே."

"உங்ககிட்டயா? வேண்டாம்னு எழுதிக் குடுக்கதுக்கு லெட்டரே எழுதிட்டீய."

கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுத்த இலைகளையும் சேர்த்து உருவிப் போட்டிருக்கிறேன். அவள் அவற்றைப் பொறுக்கி ஒதுக்கினாள்.

"ஜெசிந்தாதான் வந்தா" என்றாள். "மொத நா வண்டிய எடுத்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டுது. அவ பாட்டுக்குக் கடலையத் தின்னுக்கிட்டு, ஒன்பதாம் வகுப்புல எவன் எவன் காப்பியடிக்கான்னு சொல்லிக்கிட்டு வாரா. ரோட்டப் பாக்கவே இல்ல. பஸ்ஸு எதுக்க வந்தா அதையும் பாக்கல. இவளே பயப்படல, நாம எதுக்குப் பயப்படணும்னு தோணிட்டு."

"சரி, ஏழாம் தேதி?"

"போறேன். வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?"

உண்மைதான். அவள் 'ம்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பிறகு செண்பகாவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "அப்பா, நெசமா நீங்கதான் பேசுறீங்களா?" என்றாள். எதிர்வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவருக்கு அது அவ்வளவு சுவாரசியமாகப் படவில்லை.

ஜூலை 5, சனி

பொறுப்பேற்பதற்கு முன்னால் ஒருமுறை முழுத் தூரத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஜெசிந்தாவுக்கு வீட்டில் விசேஷம். "நான் வரவா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"பின்னால உக்காருவீயளா?"

உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் சொந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தது இன்றுதான். அங்கிருந்து பார்த்தால் சாலை குறைவாகத்தான் தெரிகிறது. அவள் பின்னந்தலையும், மல்லிகைச் சரமும், கண்ணாடியில் அவள் கண்ணும்தான் தெரிகின்றன. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தது.

பாலம் வந்தபோது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் கொஞ்சமும் தயங்காமல் கடந்தாள்.

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. மேலச்செங்கரைக்கு முன்னால் குளத்துக் கரைமேல் ஏற வேண்டும். குறுகலான மேடு. பாதியில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது. அவள் ஸ்டார்ட் செய்தாள். வண்டி பின்னால் கொஞ்சம் உருண்டு மறுபடி அணைந்தது. இடப்பக்கம் குளத்துத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். முழு வாக்கியமும் நாக்கு நுனியில் நின்றது. பற்களைக் கடித்துக்கொண்டேன். டிராக்டர் ஹாரன் நிற்கவேயில்லை.

காந்திமதி ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் பொறுங்க தம்பி, வண்டி ஓடிப்போயிராது!" என்றாள். வகுப்பறைக் குரல். ஹாரன் நின்றது. கைப்பிரேக்கை இழுத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அவசரப்படாமல் எஞ்சினை உறுமவிட்டு, பிரேக்கைத் தளர்த்தி ஏற்றிவிட்டாள். நானாக இருந்தால் எஞ்சினை இவ்வளவு உறுமவிட்டிருக்க மாட்டேன். ஆனால் வண்டி ஏறிவிட்டது.

பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கார் உள்ளே வந்ததும் பொறுப்பாசிரியர் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டையோடு பின்சீட்டிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்து வணக்கம் வைத்து, நாற்காலி கொண்டுவரச் சொல்லி, "சார் எந்த ஆபீஸ்லேர்ந்து வாரீய?" என்று கேட்டார்.

"நான் வீட்டுக்காரர்" என்றேன். "எச்.எம். அவங்க."

காந்திமதி கார்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வேப்பமரத்தடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர், நீங்களேயா ஓட்டிட்டு வந்தீய?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் இவள். அந்தப் பிள்ளை திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னது. எல்லோருமாகக் காரைச் சுற்றிக்கொண்டார்கள்.

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே கிளம்பிவிட்டாள். மயில்கழுத்து நிறப் பட்டு. "ஓட்டும்போது போன எடுக்க மாட்டேன். அடிச்சுக்கிட்டே இருக்காதீய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடையில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. பிச்சையா என் கையிலிருந்து மருந்துச் சீட்டை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்றான்.

போன் வந்தது. "வந்துட்டேன். பெல்லடிக்க இன்னும் நேரம் இருக்கு" என்றாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். "ம்" என்றேன்.

அடுத்து வந்த ஆள் தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, என் மனைவி மேலச்செங்கரை உயர்நிலைப் பள்ளிக்கு எச்.எம். ஆகியிருக்கிறாள், தானே கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவருக்குத் தலைவலி. நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 10, வியாழன்

நானே கைலி கட்டிக்கொண்டேன். வாசல்வரை தாங்கியது.

சாயங்காலக் காபியையும் இப்போது நானே போடுகிறேன். பிச்சையா குடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் டீக்கடைக்குப் போய்விட்டான்.

ஜூலை 14, திங்கள்

ஆறு மணிக்கு வந்தாள். இறங்கியதும், "இன்னைக்கு ஸ்கூல் கேட்டுல உரசிட்டேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். பின் பம்பரில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல். திருப்பும்போது வண்டியின் பின்பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

"சரி" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"காபி போடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஜூலை 19, சனி

திருநெல்வேலியில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை வெளுத்து, யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாளில் வண்டி ஓட்டலாம் என்றார்.

காலையில் போகும்போது பின்சீட்டில்தான் போனேன். திரும்ப வந்தபோது, வழக்கம்போலப் பின்கதவைத் திறக்கப் போனேன். காந்திமதி முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கிடந்த நோட்டுக் கட்டுகளைத் தூக்கிப் பின்னால் போட்டாள்.

"முன்னால வாங்க" என்றாள்.

ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். ஊர் எல்லையில் பேட்டையைத் தாண்டுகிறவரை நெரிசல். லாரி, மினி பஸ், குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பிரேக் போட வேண்டிய இடங்களில் என் கால் கீழே அழுந்தியதும் உண்மை. அவள் கவனித்தாளோ என்னவோ. அவள் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு பிள்ளை மூன்று வாரமாக வரவில்லை, வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஊர் மலையை ஒட்டி இன்னும் உள்ளே இருக்கிறது, கார் போகும் என்று கேட்டு வைத்திருக்கிறாள். ஆலங்குளம் வந்தபோது சாரல் ஆரம்பித்தது. வைப்பரைப் போட்டாள். மலைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரியவில்லை.

கண் விழித்தபோது எங்கள் போர்ட்டிக்கோவில் இருந்தோம். எஞ்சின் அணைந்திருந்தது. மழை வலுத்துக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. எந்த வண்டியிலும் நான் தூங்கியதில்லை. ரயிலில்கூட விழித்துக்கொண்டுதான் போவேன். காந்திமதி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து ரொம்ப நேரமாச்சா?" என்றேன்.

"நம்ம தெருவுக்கு எப்பவோ வந்துட்டோம். நல்லா தூங்கிக்கிட்டிருந்தீய. எழுப்ப மனசு வரல" என்றாள். "அப்படியே குற்றாலம் வரைக்கும் போயி, அருவில தண்ணி விழுதான்னு பாத்துட்டு வந்தேன்."

"விழுதா?"

"கொட்டுது" என்றாள்.